மேடு ஏறாத மோரிஸ்

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம், மற்றவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பேய், பிசாசு என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல்தான் வரும். என் பெயர் ஜாகீர். குன்னூரில் பழைய கார் சாமான் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க இரும்பும் கிரீஸும் துருவும்தான் என் கையில். இதில் பேய்க்கு எங்கே இடம்? போன ஜூலை மாதம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் அன்றைக்கு நான் எங்கே ஏமாந்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

பழைய கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தினமும் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவார்கள். "பாய், இது என்ன ஹெட்?" என்று கேள்வி வேறு. போட்டோவைத் திறந்தால் பாதி ரேடியேட்டரும் அவர்களுடைய கட்டைவிரலும் இருக்கும். இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. சிலிண்டர் ஹெட் என்பது இன்ஜினின் மூடி. என் கடைக்கு வருகிற பழைய வண்டிகளில் பெரும்பாலும் மூன்று தினுசுதான். மூடி தட்டையாக ஒரு இரும்புப் பலகை போல இருந்து, அதன்மேல் ஸ்பார்க் பிளக் மட்டும் வரிசையாக நின்றால் அது சைடு வால்வு. காற்றை உள்ளே விடுகிற வால்வு, புகையை வெளியே தள்ளுகிற வால்வு இரண்டுமே கீழே, சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். மூடிக்கு மேல் டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு தகரப் பெட்டி இருந்து, இரண்டு பக்கக் குழாய்களும் அந்த மூடியிலேயே வந்து சேர்ந்தால் ஓவர்ஹெட். வால்வு எல்லாம் மேலே. மூன்றாவது, கலப்பு. காற்று வால்வு மேலே, புகை வால்வு கீழே. தகரப் பெட்டி இருக்கும், ஆனால் சைலன்சருக்குப் போகிற குழாய் மட்டும் கீழே பிளாக்கில், அதாவது இன்ஜினின் உடம்பில், மாட்டியிருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம். ஓவர்ஹெட் ஓடினால் தையல் மிஷின் மாதிரி மேலே டிக்டிக் என்று தட்டும். கலப்பு என்றால் அந்தத் தட்டு பாதியாகக் கேட்கும். சைடு வால்வில் அது கேட்கவே கேட்காது. மெத்தென்று ஒரு உறுமல், அவ்வளவுதான். சாதுவான இன்ஜின். ஆனால் மேட்டைக் கண்டால் அதற்கு மூச்சு வாங்கும். பாவம், அந்த அமைப்பில் காற்று சரியாக உள்ளே போகாது. பானெட்டைத் திறக்காமல், ரோட்டில் போகிற சத்தத்தை வைத்தே எந்த ஹெட் என்று நான் சொல்வேன். இதுவரை ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அன்றைக்கும் தப்பவில்லை, அதுதான் கொடுமை.

அன்று நீலகிரி முழுக்க மழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். என் மனைவி பர்சானா தங்கச்சி வீட்டுக்குக் கோயமுத்தூர் போயிருந்தாள். வீட்டில் நானும் என் மகள் மின்ஹாவும்தான். அவளுக்கு எட்டு வயது. குளிர் பட்டால் வீசிங், அந்த மூச்சு இழுப்பு, வரும். பையில் இன்ஹேலர் எப்போதும் இருக்கும்.

கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட்டிலிருந்து மேனேஜர் லிங்கசாமி இரண்டு வாரமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பழைய ஷெட்டில் ஒரு மோரிஸ் நிற்கிறதாம். கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வாங்க ஆசைப்படுகிறாராம். இன்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொன்னால்தான் வாங்குவாராம். மின்ஹாவைத் தனியாக விட முடியாது. மஞ்சள் மழைக்கோட்டை மாட்டி, என் வெள்ளை ஆல்டோவில் பின் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஷெட் என்றால் ஷெட். கூரையில் பாதி இல்லை. உள்ளே எலிப் புழுக்கை, பூஞ்சைக் காளான், ஈரச் சாக்கு நாற்றம். நடுவில் அந்த மோரிஸ். கருப்பு. முதுகு உருண்டையாக இருக்கும் பழைய சின்ன வண்டி. பின்னால் ஸ்பேர் சக்கரம், அதற்கு மேல் ஒரு சின்னக் கண்ணாடி.

பானெட்டைத் திறந்தேன். அந்த மாடலுக்குத் தட்டை மூடி இருக்க வேண்டும். இங்கே மேலே தகரப் பெட்டி இருந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். புகைக் குழாய் கீழே, பிளாக்கில். காற்றுக் குழாய் மேலே, ஹெட்டில். பிளாக்கில் பழைய காற்று வழியை இரும்புத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். சைடு வால்வு இன்ஜினை யாரோ மெனக்கெட்டுக் கலப்பாக மாற்றியிருக்கிறார்கள். ஹெட்டில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. ஏதோ பட்டறையில் கையால் வார்த்த உருப்படி.

"ஒரிஜினல் இல்லீங்க. யாரோ ஹெட்டை மாத்தியிருக்காங்க. எதுக்கு இவ்வளவு பாடுபட்டு மாத்தினாங்க?" என்றேன்.

லிங்கசாமி ஷெட்டின் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. "அதெல்லாம் அந்தக் காலமுங்க பாய். நமக்கெங்க தெரியும்? விக்குமா விக்காதா, அத மட்டும் சொல்லுங்க."

முன்னால் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைச் செருகிச் சுழற்றிப் பார்த்தேன். அசையவில்லை. பிஸ்டன் துருவில் பிடித்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். கார்புரேட்டர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இது ஓடுகிற வண்டி இல்லை என்பதற்கு நான் சாட்சி.

அப்போதுதான் மின்ஹா இருமினாள். காரில் உட்காரச் சொல்லியிருந்தேன். இறங்கி வந்து அந்த மோரிஸின் பின் சீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா... தூசி."

அந்த இருமல் எனக்குத் தெரியும். உடனே தூக்கிக்கொண்டு வந்து காரில் போட்டேன்.

மணி நான்கு இருக்கும். பகல்தான். ஆனால் எஸ்டேட் கேட்டைத் தாண்டுவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. மலைக்காரர்களுக்குத் தெரியும், மேகம் அப்படி இறங்கினால் இரவு தேவலை. இரவில் ஹெட்லைட் போட்டால் ரோடாவது தெரியும். இதில் விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். முதல் கியரில் உருட்டினேன். இடது பக்கம் தேயிலை, வலது பக்கம் பள்ளம். இரண்டுமே தெரியவில்லை.

பின்னால் மின்ஹாவின் மூச்சில் விசில் வர ஆரம்பித்தது.

இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அடங்கியது. மறுபடி வந்தது. மூன்றாவது முறை அமுக்கும்போது வெறும் காற்றுதான் வந்தது. தீர்ந்துவிட்டது.

போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை.

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. உதட்டில் ஒரு சாம்பல் நிறம். ஊட்டி ஆஸ்பத்திரிக்கு நல்ல நாளிலேயே முக்கால் மணி நேரம். இந்த வேகத்தில் போனால் எத்தனை மணி நேரம் ஆகுமோ... அவளுக்கு அத்தனை நேரம் இல்லை. யா அல்லாஹ், என் புள்ளையைக் காப்பாத்து, வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வாய்விட்டே கெஞ்சினேன்.

அப்போதுதான் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.

முன்னால், கொஞ்ச தூரத்தில், ஒற்றை விளக்கு. மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது பழக்கம். மேகத்தில் மாட்டிக்கொண்டால் முன்னால் போகிற வண்டியின் பின் விளக்கைப் பிடித்துக்கொள்வோம். அவன் திரும்பினால் நாமும் திரும்ப வேண்டியது. அவன் பிரேக் போட்டால் நாமும் பிரேக் போட வேண்டியது. யார், எவர் என்று கேட்பதில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

நெருங்கினேன்.

உருண்டை முதுகு. ஸ்பேர் சக்கரம். அதற்கு மேல் சின்னக் கண்ணாடி. கருப்பு.

மோரிஸ்.

கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். காதைக் கொடுத்தேன்.

மெத்தென்ற உறுமல். மேலே தட்டு இல்லை. துளிகூட இல்லை.

சைடு வால்வு!

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புகூட வந்தது. முட்டாளே, ஷெட்டில் நிற்பது கலப்பு, இது சைடு வால்வு. மாடல் ஒன்று, வண்டி வேறு. ஊட்டியில் யாரோ ஒரு பணக்காரர் பழைய வண்டியை மழையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்குத் தெரியாமல் ஊட்டியில் ஒரு மோரிஸ் ஓடுகிறதா என்ற கேள்வி எழுந்தது. அதை யோசிக்கிற நேரமா அது?

விளக்கின் பின்னாலேயே போனேன்.

கொஞ்ச தூரம் போனதும் டயருக்கடியில் சத்தம் மாறியது. தார் ரோட்டின் சத்தம் இல்லை. கரகரவென்று சரளைக்கல்... வரும்போது இங்கே நல்ல தார் ரோடு இருந்ததே. ஓரத்தில் கரண்டுக் கம்பங்களைப் பார்த்த ஞாபகம். ஒரு கம்பத்தையும் காணோம். ரோடு குறுகிக்கொண்டே வந்தது. மேகத்தில் எல்லாம் அப்படித்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டேன்.

மின்ஹாவின் விசில் சத்தம் ஏறியது. கூடவே இன்னொரு விசில்.

எதிரொலி என்று நினைத்தேன். ஆனால் இரண்டும் சேர்ந்து வரவில்லை. இவள் இழுக்கும்போது அது விட்டது. இவள் விடும்போது அது இழுத்தது. அது முன்னாலிருந்து வந்தது.

அந்த மோரிஸின் பின் கண்ணாடியில், உள்ளேயிருந்து, ஒரு சின்னக் கை ஈரத்தைத் துடைத்தது.

"அத்தா..." மின்ஹாவுக்குப் பேச்சு திக்கியது. "அங்க... ஒரு பாப்பா..."

"பேசாத தங்கம். மூச்சு விடு. மூச்சு மட்டும் விடு."

ஏற்றம் வந்தது. செங்குத்தான ஏற்றம். முன்னால் போன வண்டியின் உறுமல் கம்மியது. விக்கியது. நின்றேவிட்டது.

ஹாரன் அடித்தேன். விடாமல் அடித்தேன். தாண்டிப் போக இடமில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினேன். எதிரே ஒருவர் ஓடி வந்தார். கோட்டு, தலையில் மப்ளர், நாற்பது வயது இருக்கும். முகம் முழுக்கத் தண்ணீர். அது மழையா கண்ணீரா என்று தெரியவில்லை.

"ஏனுங்க... வண்டி மேடு ஏற மாட்டேங்குதுங்க."

"ஓரமாத் தள்ளுங்க! என் புள்ளைக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் என் காருக்குள் பார்த்தார். மின்ஹாவைப் பார்த்தார். பிறகு என்னை.

"என் புள்ளைக்கும் இழுப்புதானுங்க."

இரண்டு பேருமாகத் தள்ளினோம். ஓர ஓரமாக, ஒரு வண்டி போகிற அளவுக்கு. நான் முன்னால் போய் பானெட்டில் கை வைத்துப் பின்பக்கமாகத் தள்ளினேன். இவ்வளவு மேடு திணறித் திணறி வந்த இன்ஜின். தொட்டால் கை சுட வேண்டும்.

சில்லென்று இருந்தது...

பானெட்டில் துளிச் சூடும் இல்லை. கையை எடுத்துவிட்டேன். அதற்குள் அவர் பின் கதவைத் திறந்து அந்தப் பெண்ணைத் தூக்கிவிட்டார். ஏழெட்டு வயது. கவுன். இரட்டைச் சடை, ரிப்பன். மார்பில் தைல வாசனை. கண் பாதி செருகியிருந்தது.

"உங்க வண்டி ஏறுமுங்களா?"

"ஏறும். குடுங்க. சீக்கிரம்."

மின்ஹாவுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தோம். என் கை அந்தப் பெண்ணின் கன்னத்தில் பட்டது. அந்த பானெட் மாதிரியே இருந்தது.

"நானும் வர்றேனுங்க. புள்ள நடுங்குது, கம்பளி எடுத்துட்டு வந்துர்றேன். ஒரு நிமிசமுங்க."

அவர் திரும்பித் தன் வண்டிக்கு ஓடினார்.

நான் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன்.

அப்போது மின்ஹாவின் விசில் நின்றது.

இரைச்சல் இல்லை. இருமல் இல்லை. ஒன்றுமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கண் என்னையே பார்த்தது. நெஞ்சு அசையவில்லை.

நான் காத்திருக்கவில்லை.

கிளட்சை விட்டேன். ஆல்டோ பாய்ந்தது.

"ஏனுங்க! நில்லுங்க! ஏனுங்க!"

கண்ணாடியில் பார்த்தேன். கையில் கம்பளியை அணைத்துக்கொண்டு அவர் ஓடி வந்தார். சரளையில் கால் வழுக்கி விழுந்தார். எழுந்தார். மறுபடி ஓடினார்.

"ஊட்டி ஆஸ்பத்திரி!" ஜன்னல் வழியே கத்தினேன். "ஆஸ்பத்திரிக்கு வாங்க!"

மேகம் அவரை மூடியது.

"மின்ஹா! மூச்சு விடு! மின்ஹா!" ஒரு கையால் ஸ்டீயரிங், ஒரு கையால் பின்னால் துழாவி அவள் காலைப் பிடித்து உலுக்கினேன். ஒரு சின்ன இழுப்பு... பிறகு ஒன்று. நூல் மாதிரி. ஆனால் வந்தது.

"அப்பா..." என்றது இன்னொரு குரல்.

"வருவாரும்மா. பின்னாலேயே வருவார்."

திடீரென்று டயரின் சத்தம் மாறியது. தார் ரோடு. போன் டிங் டிங் என்று அடித்தது. பர்சானாவின் மிஸ்டு கால்கள். தலைகுந்தா கடை வெளிச்சம். அங்கிருந்து ஊட்டி வரை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் மின்ஹாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "இன்னொரு புள்ளை இருக்குது, கார்ல!" என்று கத்தினேன். சரிதா என்ற நர்ஸம்மா அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தார்.

"ரெண்டுக்குமேங்களா? அக்கா தங்கச்சிங்களா?"

அடுத்தடுத்த கட்டிலில் படுக்க வைத்து இரண்டு பேருக்கும் நெபுலைசர் மாஸ்க் வைத்தார்கள். மின்ஹாவுக்கு ஊசி போட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு வந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. நான் சுவரோரமாக உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் மின்ஹாவின் உதட்டில் நிறம் வந்தது. பக்கத்துக் கட்டிலில் அந்தப் பெண்ணுக்கும் வந்தது. அவள் தலையைத் திருப்பி மின்ஹாவைப் பார்த்தாள். மாஸ்க்குக்குள்ளேயே இருவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். மின்ஹா சிரித்தாள்.

அவளுடைய அப்பா இன்னும் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழையில் நடந்து வருகிறாரோ என்னவோ. கேட் வரை போய் நின்று பார்த்தேன். ஒரு பஸ் வந்தது, இரண்டு ஆட்டோ வந்தன. அவர் வரவில்லை.

திரும்பி வந்தேன்.

கட்டில் காலி.

மாஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இன்னும் மருந்துப் புகை வந்துகொண்டிருந்தது. தலையணையில் தலை அழுத்திய பள்ளம். விரிப்பு நனைந்திருந்தது.

"அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னு நினைச்சேனுங்க. இப்பத்தான் மாஸ்க்கைக் கழட்டிட்டு, நல்லா இருக்குதுன்னு சொல்லுச்சு" என்றார் சரிதா.

ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினேன். பாத்ரூம், மாடி, வாசல், மரத்தடி. போலீசிலும் சொன்னேன். பெண்ணின் பெயர் என்ன என்றார்கள். தெரியவில்லை. அப்பா பெயர்? தெரியவில்லை. எனக்கே தெரியாத ஒரு பெண்ணை எப்படிக் காரில் ஏற்றினேன் என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருவருடைய பிள்ளையைத் தொலைத்துவிட்டேன் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. அந்த மனிதர் வந்து என் சட்டையைப் பிடித்தால் என்ன சொல்வேன்?

மின்ஹாதான் சொன்னாள். "அவ பேரு மாலதி, அத்தா. அவ அப்பா நாம போனோமே, அந்த எஸ்டேட்ல டீமேக்கர். மாலதிய எங்க காணோம்?"

பெயர் கிடைத்துவிட்டது. எஸ்டேட்டும் தெரிந்துவிட்டது. டீமேக்கர் என்றால் தேயிலை பாக்டரியைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மறுநாள் பர்சானா வந்ததும் மின்ஹாவை அவளிடம் விட்டுவிட்டு நேராகக் கிளென்மார்கனுக்கு ஓட்டினேன். வழியில் அந்த ஏற்றத்தைத் தேடினேன். சரளை ரோடே எங்கும் இல்லை. எல்லாம் தார். கரண்டுக் கம்பங்கள் வரிசையாக நின்றன. இரண்டு லாரி போகிற அகலம்.

லிங்கசாமி ஆபீஸ் வாசலிலேயே நின்றார். நான் இறங்கியதும், "பாப்பாவுக்குத் தேவலைங்களா? நேத்தே கேட்கணும்னு இருந்தேனுங்க" என்றார்.

"தேவலை. உங்க டீமேக்கரைப் பார்க்கணும். மாலதியோட அப்பா."

அவர் முகம் மாறியது.

"யாருங்க சொன்னாங்க உங்களுக்கு?"

"எது?"

"விக்கற வண்டிங்க பாய். இந்தக் கதையச் சொன்னா யாரு வாங்குவாங்க? அதான் நேத்து வாயத் திறக்கல." பெருமூச்சு விட்டார். "மாரிச்சாமின்னு டீமேக்கருங்க. எங்கப்பா காலம். வெள்ளைக்கார துரை ஊருக்குப் போறப்ப அந்த மோரிஸ அவருக்குக் குடுத்துட்டுப் போனாரு. அவரு பொண்ணு மாலதிக்கு இழுப்பு. இதே மாதிரி மழை, இதே மாதிரி மேகம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப வண்டி மேட்டுல நின்னு போச்சுங்க."

காரைப் பிடித்துக்கொண்டேன்.

"பின்னால ஒரு வண்டி வந்துச்சாம். சின்ன வெள்ளை வண்டி. அப்படி ஒரு வண்டிய அதுக்கு முன்னாலயும் பார்த்ததில்ல, பின்னாலயும் பார்த்ததில்லைன்னு சாகற வரைக்கும் சொல்லுவாருங்க. அதுல புள்ளைய ஏத்திவிட்டாரு. அந்த வண்டி போய்ச் சேரவே இல்லைங்க. அவரு ராத்திரியோட ராத்திரியா ஊட்டிக்கு நடந்தே போயிருக்காரு. அப்படி எந்தப் புள்ளையும் வரலைன்னுட்டாங்க ஆஸ்பத்திரில."

"அந்த ஹெட்..." என்றேன்.

"அது அப்புறமுங்க. வண்டி மேடு ஏறியிருந்தா புள்ளைய ஏன் அடுத்தவன் கையில குடுக்கப் போறேன்னு தலையில அடிச்சுக்குவாராம். கோயமுத்தூர்ல குடுத்து மாத்திட்டு வந்தாரு. அதுக்கப்புறம் மேகம் இறங்கினாப் போதும், வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிருவாருங்க, அந்த வெள்ளை வண்டியத் தேடி. எங்கப்பா எத்தனையோ தடவ போய்க் கூட்டிட்டு வந்திருக்காரு."

என் காது பொய் சொல்லவில்லை. அது சைடு வால்வுதான். ஹெட் வேறு, அதனால் வண்டி வேறு என்று நினைத்தேன். நான் பார்த்தது அதே வண்டியை, ஹெட் மாறுவதற்கு முந்தைய காலத்தில் என்று எப்படித் தெரியும் எனக்கு?

லிங்கசாமி என் ஆல்டோவின் மேல் கை வைத்துச் சாய்ந்துகொண்டார். கோபமாகத் தலையை ஆட்டினார்.

"எவனோ ஒரு பாவிங்க பாய். பெத்தவன் ஒரு கம்பளிய எடுத்துட்டு வர்ற நேரங்கூட நிக்கலையாம்."